கமலவல்லி பேரில் ஓதிய சர்க்கரை

அன்பு மகள் மெஹராஜ் பேகத்துக்கு, கூத்தாநல்லூரிலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், குவைத்தில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று அஞ்சு வக்தும் தொழுது கேட்கிறேன். உன் அத்தா மவுத்தாகி இன்றோடு நாற்பத்திரண்டு நாள். இத்தா முடிய இன்னும் மூன்று மாசம், அதுவரை நான் அறையோடு கிடக்கிறேன், கவர்மெண்டு கொடுத்த டிவியைப் போர்வை போட்டு மூடியாச்சு. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. குத்தகை வழக்கில் பத்து வருஷமாக நம்மோடு மல்லுக்கு நின்ற மாரியப்பன் ஜனாஸாவுக்கு வந்து அழுதுவிட்டுப் போனான்.

போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அத்தா கடைசியில் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாங்களா என்று நீ கேட்டாய். நான் பாவி, இல்லை என்றேன். அதோடு விட்டேனா, டிவி நாடகத்து நர்ஸுக்கு நாகூரில் பாத்திஹா ஓதச் சொன்ன மனுஷனுக்குப் பெற்ற பிள்ளை நினைப்பு வரவில்லையே என்றும் சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய்.

படுக்கையில் விழுந்த இரண்டு வருஷமும் அவருக்கு அந்த டிவிதான் துணை. எனக்கு மத்தியான நாடகத்து நர்ஸ் ராஜம்மாளைத்தான் பிடிக்கும், பெரிய டாக்டரையே நிற்கவைத்துத் திட்டுவாள். அவருக்கு சாயங்கால நாடகத்துக் கமலவல்லி. தலையைக் கையில் தாங்கித் தண்ணீர் கொடுப்பாள், ஊசி போடுமுன் போடட்டுமா என்று கேட்பாள். கண்ட ஆம்பளையைத் தொடுற நர்ஸ் வேலை நம்ம பொண்ணுக்கு வேணாம் என்று குதித்து, ஒன்பது வருஷம் உன்னோடு பேசாத மனுஷன், தொட்டாத்தானே புள்ள ஒரு தெம்பு வருது என்று ஒருநாள் தன்பாட்டுக்குச் சொன்னார். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை.

போன தை மாதம் உனக்கு மஞ்சள் காமாலை என்று போன் பண்ணினாயே, நினைவிருக்கிறதா. நீ பேசினால் மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார், அன்றைக்கும் குறைத்தார். அந்த வாரம் நாடகத்தில் கமலவல்லியும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். மறுநாள் உன் ஜெக்கரியா மாமாவைக் கூப்பிட்டு, கமலவல்லிக்காக நாகூரில் சர்க்கரை வைத்து ஓதி வரச் சொன்னார். வேஷம் கட்டுறவளுக்குப் பாத்திஹாவா, ஊர் சிரிக்கும் என்று நான் கத்தினேன். வந்த சர்க்கரையைப் பத்திரமாக வை என்றார். நான் வேண்டுமென்றே எடுத்து எடுத்து டீயில் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நாற்பதாம் பாத்திஹா அன்று மாமா அறை வாசலில் நின்று சொன்னார். தர்காவில் ஓதியது மெஹராஜ் பேகம் என்கிற பெயருக்காம். ஹபீபுக்குத் தெரிஞ்சா என்னை லேசுல விடமாட்டா, சொல்லிடாதே என்று உன் அத்தா மாமா கையைப் பிடித்துக் கேட்டாராம். என் வாய்க்கு அவ்வளவு பயந்திருக்கிறார். நான் என்ன செய்வேன் மகளே, உன்னிடம்தான் மாப்பு கேட்க முடியும்.

எண்ணெய்ப் பலகாரம் தொடாதே, வேளைக்குச் சாப்பிடு. உன் கைபட்ட நோயாளிக்கெல்லாம் அல்லாஹ் ஷிஃபா கொடுக்கட்டும், உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். இந்தக் கடிதம் கொண்டுவரும் மீரா உசேன் கையில் ஒரு பொட்டலம் இருக்கும். அந்தச் சர்க்கரை டப்பாவின் அடியைச் சுரண்டினேன், ஒரு ஸ்பூன்தான் தேறியது. பிஸ்மி சொல்லி வாயில் போட்டுக்கொள், உன் அத்தா உனக்காக ஓதச் சொன்னது.

உன் அம்மா,
ஹபீபுன்னிசா