ஊமைப் பெட்டியின் அழுகை

சேசு மரி சூசை துணை

கோடம்பாக்கம், 12-3-1957

அன்புள்ள ஜெபமாலைக்கு,

சர்வேசுரன் புண்ணியத்தில் எனக்குக் குறைவில்லை. உன் இருமல் தணிந்ததா? ஆத்தாவுக்குக் கால்வலி எப்படி?

ரேடியோ வால்வுகளோடு, கோயிலில் கழித்துப்போட்ட ஆர்மோனியத்தின் கட்டைகளைப் பொருத்தி நான் பெட்டி செய்தேனே, ஆவூரில் கரண்ட் இல்லாமல் அது சும்மா கிடந்தது. "இந்த ஊமைப் பெட்டி எங்கிட்டுங்க பாடப்போவுது?" என்று சிரித்தாய். நேற்று சினிமாப் பாட்டில் பாடிவிட்டது.

பயப்படும்படி ஒன்றும் இல்லை. பாட்டு முடியும் நேரத்தில் கரண்ட் குறைந்து, பெட்டியின் சுருதி வழுக்கி இறங்கி, பெண் விசும்புவதுபோல் இழுத்தது. என்னைத் துரத்தப்போகிறார்கள் என்றே நினைத்தேன். இசையமைப்பாளரோ, "அந்த அழுகை அப்படியே இருக்கட்டும்யா!" என்று குதித்தார்.

நாளைய பாட்டுக்கும் அதே அழுகை வேண்டுமாம். கரண்ட் குறைவது என் கையிலா இருக்கிறது? விடிந்ததிலிருந்து திருகுகளைத் திருகுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி உட்காருகிறேன். வரவில்லை.

பெட்டிமேல் தூசி விழுகிறது. மூட ஒரு துணி அனுப்பு. புதுசு வேண்டாம், நீ கட்டிய பழைய சேலையில் ஒரு துண்டு போதும். துவைக்க வேண்டாம், தாமதமாகும்.

ஒத்திகைக்கு அழைத்துப்போக ஸ்டுடியோ வண்டி வாசலில் நிற்கிறது. நம்மூர்த் தேர்த் திருவிழாவுக்குப் பாட்டரி வைத்து, குழாய் ஸ்பீக்கர் கட்டி ரிக்கார்டு போடுவார்கள். பாட்டு முடிவில் ஒரு பெண் அழுவது கேட்டால், எவளோ என்று நினைக்காதே. அது நான்தான்.

அருளப்பன்