பெயர் கேட்காத பெண்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? தம்பி தைலம் தேய்த்துவிடுகிறானா, இல்லை வாயால்தான் தேய்க்கிறானா?

நேற்று இங்கே ஒரு கூத்து. நான் சம்பளத்துக்குக் கவனித்துக்கொள்ளும் பெரியம்மாவின் வீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை பற்றி ஆராய்ச்சியாம். "பேரெல்லாம் வேணாம்க்கா" என்றாள். பெயரை விட்டுவிட்டு, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், கடைசியாக எப்போது அழுதாய் என்று கேட்பவளை எப்படி நம்புவது? என்னை ஆழம் பார்க்கப் பெரியம்மாவின் மருமகள்தான் அனுப்பியிருப்பாள். வேறு ஆள் தேடுகிறார்களோ என்னவோ.

நானா மாட்டுவேன்? எல்லாக் கேள்விக்கும் தாளில் போட்டிருந்த சிரிக்கிற முகப் படத்திலேயே டிக் அடித்துக் கொடுத்தேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பரீட்சை இல்லக்கா. நூத்துக்கு நூறு இதுவரைக்கும் யாருமே எடுத்ததில்ல" என்று என் முகத்தையே பார்த்தாள். நான் அசையவில்லை.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. நம் வீட்டுத் தலையணை உறை ஒன்று அனுப்பு, பழையதே போதும். என்னோடு போனில் பேசும்போது டிவியை அணைத்துவிடு. ஸ்பீக்கரிலும் போடாதே.

பெரியம்மா மணி அடிக்கிறார், முடிக்கிறேன். சொல்ல மறந்தேனே, மனசு கஷ்டமாக இருந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் 'அம்மாவிடம்' என்று எழுதிவிட்டேன். பெயர் தெரியாவிட்டாலும் எப்படியாவது கண்டுபிடித்து உனக்குப் போன் செய்வார்கள். 'ஆமாம், என்னிடம் எல்லாவற்றையும் சொல்வாள்' என்று சொல்லிவிடு.

உன் மகள்