பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்த உறை

மட்டாஞ்சேரி
12-11-1979

சௌ. கமலாக்ஷிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. நான்கு மாதமாக அந்த வரியை உனக்குப் பொய்யாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் மார்பில் இருந்த கட்டியிலிருந்து ஜூலையில் எறணாகுளத்தில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவை உறையில் போட்டு ஒட்டி, டாக்டரிடம் காட்டுங்கள் என்று என் கையில் கொடுத்தார்கள். நான் டாக்டரிடம் போகவில்லை, போட்டில் ஏறி நேரே வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். கர்க்கடகம் பிறந்துவிட்டது, ஆகாத மாசத்தில் எதையும் பிரிக்க வேண்டாம், கழியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் ஓணம் கழியட்டும் என்றானது, அப்புறம் கொலு. என்ன சொன்னா என்று அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள், ஒண்ணுமில்லையாம், தானே கரையுமாம் என்றேன். பிறகு அவள் கேட்கவே இல்லை. கேட்காதது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இந்த வருஷம் கொலுவுக்கு மூணு படி போறும், இடது கை மேலே தூக்க வரலை என்றாள். மூன்று படிதான் வைத்தோம். அப்போதும் நான் உறையைத் தொடவில்லை.

மிளகுக் கிட்டங்கியில் என் வேலை உனக்குத் தெரியும். மேலே பளபளவென்று இருக்கிறதே என்று ஒரு மூட்டையையும் நம்பமாட்டேன், அடிவரை குத்தூசியைச் செருகி எடுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். சாமிகிட்ட கள்ளம் நடக்காது என்று மூட்டை தூக்கும் ராசப்பன் எல்லாரிடமும் சொல்வான். அந்த மனுஷன்தான் ஒரு காகித உறைக்குப் பயந்தான். உன் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்றும் நான் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டேன், நீதான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தோத்துட்டேன்ப்பா என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். குழந்தைகளுக்குத் தெரிந்துகொள்ள ஆசை, எங்களுக்கோ தெரிந்துவிட்டால் அப்புறம் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பயம். தீபாவளிக்குப் பிறகு வலி பொறுக்காமல் அவள் அழுதபோதுதான் பிரித்தேன், கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஜூலையிலேயே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம், இப்போது எலும்புக்குப் போய்விட்டது, ஜனவரி தாண்டுவது கஷ்டம் என்றார். பாவி நான், கமலா.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எப்போதும்போல இந்த இன்லண்டு கடிதத்தையும் அவளிடம் கொடுக்க வேண்டும், அவள் படித்து ஓரத்து மடிப்பில் நாலு வரி எழுதிய பிறகுதான் ஒட்ட வேண்டும். மடிப்பு வெறுமையாக வந்தால், உன் அப்பாவுக்கு இந்தத் தடவையும் தைரியம் வரவில்லை என்று தெரிந்துகொள். குளிர் ஆரம்பித்திருக்கும், குழந்தைக்குக் காதை மூடிவிடு. மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு உடனே கிளம்பி வா. எல்லாரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
லக்ஷ்மிநாராயணன்

கமலா, அம்மா எழுதறேன். எல்லாம் படிச்சேன். நீ வா, ஆனா அப்பாவை ஒண்ணும் சொல்லாதே. அந்த உறை அங்கே இருந்தது எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துத் தூசி தட்டி, மறுபடியும் அங்கேயே வெச்சேன்.