முன்மேசையை விட மாட்டேன்

என் அன்புக்கும், இப்போதைக்குக் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய உங்களுக்கு,

நான் நலம். மாத்திரைகளைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். கப்பல் துறைமுகத்தில் நின்றபோது நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்று சொல்லியிருந்தீர்கள். உங்கள் தங்கை கண், காது, மூக்கு வைத்து ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை விடவில்லை, விடப்போவதும் இல்லை.

நீங்கள் கப்பல் ஏறியபோது இதய அறுவைக்காக நெஞ்சில் போட்ட தையல் ஆறியிருந்தது. தோலில் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம்தான் முழங்காலுக்குக் கீழே வறள ஆரம்பித்தது. பிறகு முழங்கை, கடைசியில் விரல்கள். காலையில் எழுந்தால் படுக்கை விரிப்பில் யாரோ உட்கார்ந்து பூண்டு உரித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். கறுப்புத் துணி உடுத்துவதையே நிறுத்திவிட்டேன். அரிப்பு வேறு. பேருந்தில் நின்றுகொண்டு சொறியவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

பார்த்தவர்கள் எல்லாரும் தண்ணீர் நிறையக் குடி என்றார்கள். எனக்குத்தான் இதய மருத்துவர் தண்ணீரை அளந்து வைத்திருக்கிறாரே. உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற ஒரு மாத்திரை, அதற்கு மேல் குடிக்காதே என்று ஒரு கட்டளை. ஒரு பக்கம் இறைக்கிறார்கள், மறுபக்கம் ஊற்றாதே என்கிறார்கள். நடுவில் என் தோல் என்ன செய்யும்?

மூக்குக்கண்ணாடிக் கடையில் நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. என் வேலை உங்களுக்குத் தெரியும். கண்ணாடியை முகத்தில் மாட்டி, காதோரம் அழுத்துகிறதா, மூக்கில் சரிகிறதா என்று விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். காதுக்குப் பின்னால் கம்பியை வளைக்கக் கையைக் கொண்டுபோனேன். அந்த அம்மா தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். என் விரல்களைப் பார்த்தபடியே, “வேற யாராச்சும் போட்டு விடுங்களேன்” என்றார். குரலை உயர்த்தவில்லை, திட்டவில்லை. அப்படித் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாலையில் முதலாளி கூப்பிட்டார். கொஞ்ச காலம் பின்னறையில் உட்கார்ந்து கண்ணாடிகளைத் துடைத்து உறையில் போடும் வேலையைப் பார்க்கச் சொன்னார். சம்பளம் குறையாதாம். நல்ல மனிதர்தான், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்க்கடிகாரத்திடம் பேசினார். ஜன்னல் இல்லாத அந்த அறையில் என்னை ஒளித்துவைப்பதற்கா நெஞ்சைப் பிளந்து தைத்துப் பிழைக்க வைத்தார்கள்? அவரிடம் சொன்னேன்: “ஒட்டிக்கிற வியாதியா இருந்தா நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே வீட்டுல உட்கார்ந்திருப்பேன். டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் நான் நிக்கிற இடத்துலதான் நிப்பேன்.” சொல்லிவிட்டு முன்மேசைக்கே திரும்பிப் போனேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை காத்திருந்தாள். மாத்திரையால்தான் இதெல்லாம், பேசாமல் நிறுத்திவிடுங்கள் அண்ணி என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒருத்தி நிறுத்தினாளாம், தோல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டதாம். அந்த ஒருத்தி இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை என்றாள். மறைக்காமல் எழுதுகிறேன், மறுநாள் காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மரத்தூள் மாதிரி உதிரும் அந்த உள்ளங்கையில் அது கிடந்ததைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே விழுங்கினேன். உரிந்த தோல் மறுபடி வளரும். நெஞ்சு நின்றால் அதை ஓட்டிவிட நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களா?

இதய மருத்துவரிடம் போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அடுத்தவரைக் கூப்பிட மணியில் கை வைத்தார். தோலைப் பற்றிச் சொன்னேன். சகஜம்தான், ஏதாவது எண்ணெய் தடவுங்கள் என்றார். வழக்கமாக நான் எழுந்து வந்துவிடும் ஆள். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, “நெஞ்சைப் பாத்தீங்க. இதையும் பாத்துட்டுச் சொல்லுங்க டாக்டர். இதை வெச்சுத்தான் நான் சாப்பிடறேன்” என்றேன்.

பார்த்தார். பிறகு ஒழுங்காகக் கேட்டார். தடிப்பு, கொப்புளம் உண்டா, முகம் வீங்கியதா, கெண்டைக்கால் இழுக்கிறதா என்றெல்லாம். இரத்தம் எடுத்துச் சோதித்தார். முடிவு வந்த பிறகு, நீர் வெளியேற்றும் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். நீங்களாக எதையும் நிறுத்தியிருந்தால் இங்கே நடந்து வந்திருக்க மாட்டீர்கள் என்றும் சொன்னார். அதை உங்கள் தங்கைக்கு அப்படியே ஒப்பித்தேன். ஒட்டும் நோய் இல்லை என்று எழுதியும் கொடுத்து, தோல் மருத்துவரிடம் அனுப்பினார்.

தோல் மருத்துவர் ஒரு சின்னப் பெண். என் கையைத் தயங்காமல் தன் கையில் எடுத்துப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, தூசி என்று சமாளித்தேன். சுடச்சுட வெந்நீரில் நேரம் போவது தெரியாமல் குளிப்பேனே, அதற்குத்தான் முதல் தடை. வெதுவெதுப்பான நீர், சட்டென்று குளியல், வாசனை இல்லாத சோப்பு. துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் கெட்டியான களிம்பைப் பூச வேண்டும். தூங்கும்போது பருத்திக் கையுறை. கண்ணாடியில் பார்த்தால் திருடப் போகிறவள் மாதிரி இருக்கிறேன்.

முதலாளியிடம் மருத்துவர் எழுதியதைக் காட்டிவிட்டு, முன்மேசையிலேயே நிற்கிறேன். இப்போது யார் வந்தாலும் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். என் கை வறண்டிருக்கிறது, இதயத்துக்குச் சாப்பிடும் மருந்தால் வந்தது, உங்களுக்கு ஒட்டாது, வேண்டாமென்றால் வேறொருவரைக் கூப்பிடுகிறேன் என்று. ஒரு சிலர் வேண்டாம் என்கிறார்கள். சுருக்கென்றுதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முகத்தை நீட்டிவிடுகிறார்கள்.

போன வாரம் கடை மூடும் நேரத்தில் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மறுபடியும் பின்னறைப் பேச்சுதான் என்று சண்டைக்குத் தயாராகப் போனேன். மனிதர் கதவைச் சாத்திவிட்டுக் கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டினார். என் காலைப் போலவே செதில் செதிலாக உரிந்திருந்தது. அவரும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாராம். “வீட்டுல கூடக் காட்டலம்மா. உங்களுக்கு என்ன களிம்பு குடுத்தாங்க?” என்றார். குத்திக்காட்ட நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். களிம்பின் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் போலவே மருத்துவர் முன்னால் காலை நீட்டிவிட்டு உட்காருங்கள், அவர் பார்க்கும்வரை எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். போய்விட்டு வந்தார். பின்னறை பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

கால் தேறிவிட்டது. விரல்கள் முக்கால்வாசி பரவாயில்லை. முழுதாகப் போகாது, மருந்து இருக்கும்வரை இதுவும் கொஞ்சம் இருக்கும் என்று அந்தச் சின்ன மருத்துவர் சொல்லிவிட்டாள். உங்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நீங்கள் வந்து இறங்கும்போது வாசலில் நிற்பவள் நீங்கள் விட்டுப்போன தோலோடு நிற்க மாட்டாள். சுரசுரவென்றுதான் இருப்பாள். அந்த ஆசிரியை மாதிரி நீங்கள் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களிடம் முந்திக்கொண்டு ‘ஒட்டாது’ என்று விளக்குகிற மாதிரி உங்களிடம் விளக்க எனக்கு வராது.

முதுகின் நடுவில் மட்டும் கை எட்டவில்லை. உங்கள் தங்கை பூசிவிடுகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். கரண்டிக் காம்பில் துணி சுற்றிச் சமாளிக்கிறேன். இதற்காக நீங்கள் வேலையைப் பாதியில் விட்டு ஓடிவர வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து வந்தால் போதும். இன்னொரு முறை நீட்டிக்கச் சொல்லிக் கேட்டால் மட்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இயந்திர அறையில் ஏணி இறங்கும்போது பிடித்து இறங்குங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். காற்றும் அலையும் உங்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ளட்டும்.

விட்டுக்கொடுக்காத உங்கள் வீட்டுக்காரி