கதவு நிலையில் ஒரு குழி

ஜேர்மனி, ஐப்பசி 2003

அன்புள்ள அக்கா,

யாழ்ப்பாணத்து வீட்டை எங்கள் பெயருக்கு மாற்ற நீங்கள் அனுப்பிய பத்திரம் கிடைத்தது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நேற்று ஜேர்மன் வகுப்பில் எங்களைப் பழைய யூதர் தெருவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஒரு வீட்டுக் கதவு நிலையில் சாய்வாக ஒரு குழி இருந்தது. யூதர்கள் அதில் வேதவரிகளை வைத்து, உள்ளே போகும்போது தொட்டு முத்தமிடுவார்களாம். அவர்களைப் பிடித்துக்கொண்டு போன அன்றே வேறொரு குடும்பம் குடிவந்ததாம்.

கோவில் வாசற்படியைத் தொடுவதுபோல என் கை தானாகப் போய் அந்தக் குழியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அந்த வீட்டு மேல்மாடி யன்னலில் ஒரு கிழவி திரையை விலக்கிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. பழைய வீட்டுக்காரி திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பாள்.

"வாங்கோ அக்கா, எல்லாரும் போயிட்டினம்" என்று கூட வந்த சாரங்கா இழுத்தாள். எனக்கு எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டு வாசல்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வாசலில் அரபு எழுத்துப் பலகையைக் கழற்றிய இடத்தில் லட்சுமி படம் மாட்டினோமே. எத்தனை தரம் நிமிர்த்தினாலும் மறுநாள் அது சரிந்தே நின்றது. இப்போதும் அப்படித்தானா?

வெள்ளிதோறும் ஒரு முஸ்லிம் பெண் வேலிப் படலையடியில் பேசாமல் நிற்கிறாள், யாரென்று தெரியாது என்று எழுதியிருந்தீர்கள்.

தெரியும், அக்கா. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டே விரட்டிய அன்று, வீடிழந்து நின்ற நாங்கள் அந்த வீட்டுக்குள் போனோம். அடுப்பில் சோறு ஆறாமல் இருந்தது. நீங்கள்தான் எனக்குப் போட்டுத் தந்தீர்கள்.

அது அவள் வடித்த சோறு.

பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை.

உங்கள் தங்கச்சி