இன்னும் இரண்டு மூடி

அண்ணா,

இன்று காலை ஆனைமலையிலிருந்து வரும் பஸ், ஒரு தென்னந்தோப்பு ஓரம் ஆள் ஏற்ற நின்றது. ஜன்னல் வழியாக வெள்ளைப் புகை உள்ளே வந்தது. வாடல் நோய் விழுந்த மரங்களைச் செயின் சா மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன கண்றாவிப் புகையோ" என்றார். எனக்கு அது என்ன புகை என்று தெரியும். பெட்ரோலில் ஆயில் அதிகம். மெஷின் கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் யாரோ டப்பாவைத் தாராளமாகச் சாய்த்திருக்கிறார்கள். சரியாகக் கலந்திருந்தால் புகை கண்ணுக்குத் தெரிவதே அரிது. லேசான ஒரு வாசனை மட்டும் இருக்கும். கடைக்கு நீங்கள் வரும்போது உங்கள் சட்டையில் இருந்தது அந்த வாசனைதான்.

அது உங்கள் மெஷின் இல்லை. சத்தம் வேறு. இருந்தும் பஸ் கிளம்பும்வரை என் கை ஜன்னல் கம்பியை விடவில்லை. மூன்று நாட்களாக உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன். இன்று மதியம் கடையில் கூட்டம் இல்லை. பில் புக்கின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்த மெஷின் கடையில் வேலைக்குச் சேர்ந்த மாதம்தான் நீங்கள் புது செயின் சா வாங்க வந்தீர்கள். அப்பா கொப்பரைக் களத்தில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான். பி.எஸ்சி. இயற்பியல். கம்ப்யூட்டரில் பில் போட ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை எடுத்தார். மெஷினோடு வரும் ஆங்கிலப் புத்தகத்தை இந்தக் கடையில் யாரும் பிரித்ததே இல்லை. பேசப் பயந்துகொண்டு கல்லாப் பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவளுக்குப் படிக்க அது ஒன்றுதான் இருந்தது. அதனால் எனக்கு ஆயில் தெரிந்தது.

உங்களிடம் அன்று நான் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. இந்த இன்ஜினுக்குத் தனியாக ஆயில் டேங்க் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் உள்ளே பிஸ்டனைக் காக்கிறது. டப்பாவில் எஃப்டி என்று போட்டிருக்கிற ஆயில் என்றால் லிட்டருக்கு இருபது மில்லி போதும். நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் கூட ஊத்துனா நல்லதுதானுங்களே அம்மணி? நான் எப்பவும் கண்ணளவுல கூடத்தான் ஊத்துவேன்" என்றீர்கள்.

"இல்லீங்க அண்ணா. கரி படியும். பிளக் அடைச்சுக்கும்."

"சேரிங்க. அப்ப எப்படி அளக்குறது?"

எல்லார் முன்னாலும் விளக்கிச் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் என் பையில் இருந்த டானிக் பாட்டிலின் அளவு மூடியை எடுத்து, பத்து மில்லி இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் பெட்ரோலுக்கு இரண்டு மூடி. பக்கத்தில் செயின் வாங்க நின்றிருந்த இன்னொரு மரம் வெட்டுகிறவர், அந்தப் பெரிய மீசைக்காரர், "ஏனுங்க, டானிக் மூடியில ஊத்துறீங்க? மெஷினுக்குச் சளி புடிச்சிருக்குதா?" என்றார். கடையே சிரித்தது. நீங்களும் சிரித்துவிட்டு, மூடியைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தான் மாட்டினீர்கள். "படிச்ச புள்ள அளந்து குடுத்திருக்குது. உங்களுக்குக் கெடைக்குமுங்களா?" என்று அவரிடம் கேட்டீர்கள்.

அதன்பிறகு கண்ணளவை விட்டுவிட்டீர்கள். உங்களோடு வேலைக்கு வருகிறவர்கள் கேலி பண்ணினார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு ஏறினால் திரும்ப டப்பாவில் ஊற்றுவீர்களாம். நான் சொன்னதை ஒருவர் அப்படி நம்பியது அதற்கு முன் நடந்ததில்லை.

சித்திரை மாதத்து ஒரு வியாழக்கிழமை. சந்தை நாள். கடை முழுக்க ஆள். முதலாளி கோயமுத்தூர் போயிருந்தார். எஃப்டி ஆயில் தீர்ந்திருந்தது. அலமாரியில் இருந்தது பழைய ஸ்கூட்டர்களுக்கு ஊற்றுகிற சாதாரண டூ-டி ஆயில்.

"இருக்கறதைக் குடுங்க அம்மணி. ஆளுக தோப்புல நிக்கறாங்க."

எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆயிலை ஊற்றினால் அளவு இரண்டு மடங்கு என்று புத்தகத்தில் இருந்தது. மெஷின் அதேதான், ஆயில் மாறினால் அளவும் மாறும். லிட்டருக்கு நாற்பது மில்லி. நாலு மூடி. "அண்ணா, இதுக்கு இன்னும் ரெண்டு மூடி" என்று நான் ஆரம்பித்தேன். அது என் வாய்க்குள்ளேயே நின்றது.

மீசைக்காரர் அன்றும் இருந்தார். "அந்தப் புள்ள என்னமோ முணுமுணுக்குதுங்க" என்றார்.

நீங்கள் திரும்பினீர்கள். உங்களோடு எட்டு முகமும் திரும்பியது. "என்னுங்க அம்மணி?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

இதைத்தான் அண்ணா நான் எழுத வேண்டியிருந்தது. நான் மறக்கவில்லை. தெரியாமலும் இல்லை. எட்டுப் பேர் பார்த்தார்கள் என்பதற்காக ஒண்ணுமில்லை என்று சொன்னேன். சாயந்திரம் பில் புக்கில் உங்கள் நம்பரைப் பார்த்து இரண்டு முறை போனை எடுத்தேன். வீட்டில் யார் எடுப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்று வைத்துவிட்டேன். அடுத்த தடவை வருவார், அப்போது மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை நீங்கள் வந்தது மெஷினைத் தூக்கிக்கொண்டு. ஐந்தாம் நாள். மரம் பாதி அறுந்த நிலையில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பிளேடு மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. மற்றவர்களை எல்லாம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, கயிறு கட்டிக் கோடாலியால் வெட்டி இறக்கியதாகச் சொன்னீர்கள். உங்கள் முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

உக்கடத்திலிருந்து தினம் பஸ்ஸில் வரும் எங்கள் மெக்கானிக் ரஃபி அண்ணன் சிலிண்டரைக் கழற்றினார். பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். "ஆயில் பத்தலைங்க. காஞ்சு ஓடியிருக்கு" என்றார்.

முதலாளி வாரன்டி கேட்டுக் கம்பெனிக்கு எழுத ஃபாரம் எடுத்தார். "எவ்வளவுங்க ஊத்துனீங்க?"

நீங்கள் மேஜையில் இருந்த ஆயில் டப்பாவைப் பார்த்தீர்கள். புத்தகம் என் முன்னால் ஆயில் அளவு போட்ட பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. ஐந்து நாட்களாக நான் அதை மூடவில்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். உங்கள் கை சட்டைப் பையின் மேல் போய் அந்த மூடியை மறைத்தாற்போல நின்றது.

"கண்ணளவுலதானுங்க ஊத்துனேன்."

"என்னுங்க நீங்க. இத்தனை வருசத் தொழிலு" என்றார் முதலாளி.

"தப்புதானுங்க."

நான் அங்கேயே இருந்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். நான் திறக்கவில்லை.

நீங்கள் சாப்பிடப் போனபின் ரஃபி அண்ணன் பிஸ்டனைக் கையில் உருட்டிக்கொண்டு, "கண்ணளவுல ஊத்துறவன் எவனும் கம்மியா ஊத்த மாட்டான் முதலாளி. பயத்துல கூடத்தான் ஊத்துவான். இவரு எப்படி?" என்றார். உண்மை அதுதான். உங்கள் பழைய வழக்கப்படி ஊற்றியிருந்தால் மெஷின் பிழைத்திருக்கும். என் கோட்டை நம்பியதால் போனது.

கம்பெனி, ஆள் செய்த தவறு என்று கைவிரித்துவிட்டது. அடுத்த தோப்பு வெட்ட உங்களை வரச் சொல்லியிருந்த தோட்டத்துக்காரர், "ஆயில் அளக்கத் தெரியாதவரை மரத்தடியில எப்படிங்க நம்பறது" என்று மீசைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார். உங்கள் மெஷின் சரியாகும்வரை அந்த மீசைக்காரரிடமே, மரம் சாய்க்கும்போது கயிறு இழுக்கும் கூலிக்குப் போனீர்கள். அவர்தான் உங்களுக்குக் கண்ணளவு என்று பெயர் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்புக்குத்தான் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. "கண்ணளவு வந்தாருங்களா?" "கண்ணளவுக்கு ஒரு செயின் எடுத்து வைங்க." ஒரு சொட்டு ஏறினால் திரும்ப ஊற்றுகிற ஆளுக்கு அந்தப் பெயர்.

ஒருமுறை கடையில் யாரும் இல்லாத நேரம் நீங்கள் வந்தீர்கள். நான் எழுந்து நின்று, "அண்ணா, அன்னைக்கு..." என்றேன். "விடுங்க அம்மணி. மெஷின்தானுங்க, சரியாப் போச்சு. நீங்க சம்பளம் வாங்கற எடம்" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தபடி படி இறங்கிப் போய்விட்டீர்கள். விடச் சொன்னதும் நான் விட்டுவிட்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள் முதலாளி போனை வைத்துவிட்டு, "நம்ம கண்ணளவு போயிட்டாராம்மா. நெஞ்சுவலியாம்" என்றார். உங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மூன்று நாட்களுக்கு முன், உங்கள் மனைவி மெஷினை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். நான் அவரைப் பார்த்தது அன்றுதான். மறுநாளிலிருந்து அவர் தம்பி அதை ஓட்டப்போகிறார் என்றார். முதலாளி, ரஃபி அண்ணன், இரண்டு வாடிக்கையாளர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"இதுக்கு எந்த ஆயிலு, எவ்வளவு ஊத்தணும்னு வெவரமாச் சொல்லுங்க கண்ணு" என்றார். "அவரு மாதிரி இவனும் பண்ணிப்போடக் கூடாது பாருங்க. சோத்துக்கு உப்பு கூட அளந்து போடச் சொல்ற மனுசன். இதுல மட்டும் எப்படி அப்படி இருந்தாருன்னு எனக்கு இன்னமும் வெளங்கலைங்க."

நான் எழுந்து நின்றேன். "அக்கா, அவரு கண்ணளவுல ஊத்தலைங்க" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆயில் மாறியதையும், நாலு மூடி என்று சொல்ல வேண்டியதை விழுங்கியதையும், என்னைக் காப்பாற்ற நீங்கள் பொய் சொன்னதையும் நிறுத்தாமல் சொன்னேன். முதலாளி, "ஏம்மா, இத்தனை நாளா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ரஃபி அண்ணன் கையில் இருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் சாக்கின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்" என்றார் கடைசியில். "எனக்குத்தானுங்க தெரியல. அந்தத் தோப்பு கைவிட்டுப் போன ஆத்திரத்துல ஊட்டுல நானும் அவரைக் கண்ணளவுன்னுதானுங்க கூப்பிட்டேன். சாகற வரைக்கும்."

அண்ணா, இதை நான் யோசித்ததே இல்லை. உண்மையைச் சொன்னால் உங்கள் பெயர் திரும்பும், என் பாரம் இறங்கும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவரும் ஒன்றைச் சுமக்க வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. நீங்கள் இருக்கும்போது சொல்லியிருந்தால் அவர் உங்களிடம் ஒரு வார்த்தை பேசித் தீர்த்திருப்பார். இப்போது அவர் யாரிடம் பேசுவார்? நான் சொன்னது உங்களுக்காகவா, அவருக்காகவா, என் தூக்கத்துக்காகவா என்று எனக்கே தெளிவில்லை.

நீங்கள் சொன்ன பொய்யை இப்போது இந்தக் கடையில் யாரும் நம்புவதில்லை. நேற்று மீசைக்காரர் வந்தார். முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மீசைக்காரர் என் முன்னால் வந்து நின்று, உங்கள் பெயரை, அம்மா அப்பா வைத்த பெயரை ஒருமுறை சொன்னார். பிறகு போய்விட்டார். இது உங்களுக்குப் போதுமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அன்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சேரி, ஆயிலைச் சொல்லுங்க" என்றார். எஃப்டி ஆயில் இருநூறு மில்லி டப்பா கொடுத்தேன். லிட்டருக்கு இருபது மில்லி, வேறு ஆயில் வாங்கினால் நாற்பது என்று உரக்கச் சொன்னேன். அவர் என்னை இன்னொரு முறை சொல்ல வைத்தார். தானும் ஒருமுறை திருப்பிச் சொன்னார். வாசலில் நின்று, "தீந்தா நானே வாரேனுங்க. உங்ககிட்டதான் வாங்குவேன்" என்றார். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, எனக்குப் பிடிபடவில்லை.

இருநூறு மில்லி பத்து லிட்டருக்கு வரும். அவர் தம்பி ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் ஓட்டுவார். நான்காம் நாள் டப்பா காலியாகும்.

நாளை நான்காம் நாள். நான் லீவு கேட்கவில்லை, அண்ணா.