பெண் பார்க்க வந்த ஞாயிறும் கூடைப்பந்து மேட்சும்

மட்டாஞ்சேரி,
பிப்ரவரி 1962

அன்புள்ள அப்பாவுக்குத் திரிபுரா நமஸ்காரம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. தந்தியில் அடித்தது பொய். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உங்களைத் தனியாக நிற்க வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் பள்ளிக்கூடப் பெண்களுக்கு எறணாகுளத்தில் முதல் கூடைப்பந்து மேட்ச். போன வருஷம் பந்தைத் தொடவே கூச்சப்பட்டார்கள். இப்போது மைதானத்தில் இடம் போதவில்லை, பள்ளுருத்தியிலிருந்துகூட வருகிறார்கள். சனிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பிப் பெட்டியும் கையுமாக நின்றபோது, நன்றாக ஆடும் பேச்சியின் அம்மா ராக்கம்மாள் வந்தாள். நகரசபையில் வேலை பார்ப்பவள்.

"டீச்சர் கூட உண்டுன்னாத்தான் மோளை விடுவேன். இல்லேன்னா வேண்டாம்" என்றாள். மற்ற அம்மாக்களும் அதையே சொன்னார்கள். பெட்டியை உள்ளே வைத்துவிட்டேன்.

தோற்றுத்தான் போனோம். ஆனாலும் திரும்பும் படகில் பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் என்ன சொல்லிச் சமாளித்தீர்களோ என்றுதான் நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கடுமாங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வரச் சம்மதித்தால் கட்டாயம் வருகிறேன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் நான் விளையாட்டு டீச்சராகத்தான் இருப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் சங்கடத்தையும் உங்கள் தலையிலேயே கட்டுகிறேன், மன்னியுங்கள் அப்பா.

மணி அடித்துவிட்டது. மைதானத்தில் காத்திருக்கிறார்கள்.

உங்கள்
திரிபுரா